நிஷாவா, ஹாவா, மெர்சியா: 11 வயதுக்காரிக்கு நான் எடுத்த புத்தகம்

அக்கா மகளுக்கு 11 வயது. மந்திரப் பள்ளிக் கதைகள் அலுத்துவிட்டன, காதல் கதைகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த இடைப்பட்ட வயசுக்கென்றே ஆங்கிலத்தில் 'மிடில் கிரேட்' என்று தனியாக ஒரு வகை உண்டு. 8 முதல் 12 வயதுவரை என்று கணக்கு. அவளும் அவள் தோழிகள் இருவரும் நானுமாக ஞாயிறு மாலைகளில் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றி உரக்க வாசிப்பது என்று முடிவாயிற்று. எந்தப் புத்தகம் என்பதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது இதுதான்: கதையின் மையத்தில் ஒரு சிறுமி இருக்க வேண்டும், அவள் வீடு கதைக்குள் இருக்க வேண்டும், 'நான் எந்த ஊர்க்காரி, எந்த வீட்டுப் பெண்' என்ற கேள்வி அவளை அரிக்க வேண்டும். தேடியதில் நான்கு புத்தகங்கள் மிஞ்சின. கெல்லி யாங் எழுதிய 'ஃப்ரன்ட் டெஸ்க்', தான்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்', வீரா ஹிராநந்தானியின் 'தி நைட் டைரி', மெக் மெடினாவின் 'மெர்சி சுவாரெஸ் சேஞ்சஸ் கியர்ஸ்'. நான்கையும் முதலில் நானே படித்துவிட்டேன். கடைசியில் மெர்சியைத்தான் எடுத்தோம். மற்ற மூன்றும் தோற்றுப்போகவில்லை, ஆனால் நான் மெர்சி கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரிசு, புகழ் இவற்றைச் சட்டென்று தாண்டிவிடலாம். அமெரிக்காவில் குழந்தை இலக்கியத்துக்கென்று 1922 முதல் கொடுத்துவரும் நியூபெரி பதக்கம் 2019இல் மெர்சிக்குக் கிடைத்தது. அதே ஆண்டு 'நைட் டைரி'க்கு நியூபெரி ஹானர், அதாவது பதக்கத்துக்கு அடுத்த நிலை. 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்'னுக்கு 2011இல் தேசியப் புத்தக விருது, மறு ஆண்டு நியூபெரி ஹானர். நான்குமே நல்ல கை எழுதியவை என்பதற்கு மேல் இந்தத் தகவல் ஒன்றும் சொல்லாது.

'ஃப்ரன்ட் டெஸ்க்'கைப் பற்றிச் சுருக்கமாக. 10 வயது மியா டாங்கின் அப்பா அம்மா சீனாவிலிருந்து கலிஃபோர்னியா வந்து ஒரு மோட்டலைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் அறைகளைச் சுத்தம் செய்ய, வரவேற்பு மேசையில் மியா உட்கார்ந்துகொள்கிறாள். யாங்கின் பெற்றோரும் மோட்டல் நடத்தியவர்கள்தான், சிறுமியாக இருந்தபோது அவரும் மேசையில் உட்கார்ந்தவர்தான். அதனால் சாவிகளும் வாடகைக் கணக்கும் முதலாளியின் சம்பளப் பிடித்தமும் நேரில் பார்த்ததுபோல் இருக்கும். வாசிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நான்கில் முதலில் இதைத்தான் கொடுப்பேன், அவ்வளவு வேகம். ஆனால் முடிவில் எல்லா முடிச்சும் கொஞ்சம் லகுவாகவே அவிழ்ந்துவிடுகிறது. உரக்க வாசித்துவிட்டு நிறுத்திப் பேச வேண்டும் என்றால், முடிச்சு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா?

'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்' சொல்வது ஹா என்ற சிறுமியின் கதை, அது வசன கவிதையில் ஓடுகிறது. கவிதை என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு சிறுமி மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசுகிற மாதிரிதான் வரிகள் முறிகின்றன. 1975 புத்தாண்டில் வியட்நாமின் சைகோனில் தொடங்கி, ஏப்ரல் 30இல் நகரம் வீழ்வதைக் கப்பலிலிருந்து கேட்டு, அமெரிக்காவின் அலபாமாவில் போய் அடுத்த புத்தாண்டில் முடிகிறது. தான்ஹா லாயும் அதே ஆண்டு, அதே வயதில், அலபாமாவுக்கே போனவர். புத்தாண்டன்று காலையில் வீட்டில் முதலில் தரையில் படுவது ஆண்பிள்ளையின் கால்தான் என்பது வழக்கம். அண்ணன்மார் மூவர் இருக்க, ஹா விடியுமுன் எழுந்து தன் கால் கட்டைவிரலைத் தரையில் தொட்டு வைத்துவிடுகிறாள். முதல் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

அலபாமா வகுப்பறைக் காட்சி ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. ஹா 20 வரை எண்ணிக் காட்டுகிறாள், வகுப்பே கைதட்டுகிறது. சைகோனில் பின்னக் கணக்கும் ஆற்றுநீரைச் சுத்திகரிக்கும் முறையும் படித்துவிட்டு வந்தவளுக்கு அந்தக் கைதட்டலில் ரத்தம் கொதிக்கிறது, ஆனால் அதைச் சொல்ல அந்த மொழியில் வார்த்தை இல்லை. ஊர் மாறிப் போன எந்தப் பிள்ளைக்கும் அந்த அரைப் பக்கம் போதும்.

பிறகு ஏன் அதை எடுக்கவில்லை? கொஞ்சம் சுயநலம். வெள்ளை இடம் நிறைய உள்ள புத்தகத்தை நாலு பேர் மாற்றி மாற்றி வாசித்தால் மூச்சு அறுந்துபோகும் என்று எனக்குப் பட்டது. வசனக் கவிதையைக் குழுவாக வாசித்துப் பழக்கமில்லாதவள் சொல்வது இது, பழகியவர்கள் சிரிக்கலாம். தனியாகப் படுத்துக்கொண்டு படிக்க அதைவிட நல்ல துணை இந்த நான்கில் இல்லை.

ஆக, நிஜமான போட்டி 'நைட் டைரி'யின் நிஷாவுக்கும் மெர்சிக்கும்.

எங்களுக்கு நெருக்கமானவள் நிஷாதான் என்று முதலில் நினைத்தேன். 1947 ஜூலை 14, அவளுக்கும் இரட்டைத் தம்பி அமிலுக்கும் 12ஆவது பிறந்தநாள். சமையல்காரர் காஸி அவளுக்கு ஒரு டைரி தருகிறார். பிரசவத்தில் இறந்துபோன அம்மாவுக்குத் தினமும் இரவில் அதில் கடிதம் எழுதுகிறாள். அப்பா இந்து, அம்மா முஸ்லிம். நாடு இரண்டாகப் பிரியும்போது, தான் எந்தப் பக்கம் என்ற கேள்வி பன்னிரண்டு வயதுக்காரிக்கு வெறும் தத்துவமாக இருக்க முடியுமா? பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட மிர்பூர் காஸ் என்ற ஊரிலிருந்து ஜோத்பூருக்குப் போகிறார்கள். வீராவின் அப்பா குடும்பம் போன வழியும் அதுவே. நிஷா அதிகம் பேசாதவள், அவள் நிம்மதியாக இருக்கும் இடம் அடுப்படி. பிரியும் நேரத்தில் காஸி தன் உரலையும் உலக்கையையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மெர்சியின் கதையிலோ போர் இல்லை, எல்லை இல்லை, பசி இல்லை. ஃப்ளோரிடாவில் கியூப வம்சாவளிக் குடும்பம். ஒரே மாதிரி மூன்று இளஞ்சிவப்பு வீடுகள், ஒன்றில் அவள் குடும்பம், ஒன்றில் தாத்தா பாட்டி, இன்னொன்றில் அத்தை தியா இனேஸும் அவருடைய இரட்டைப் பையன்களும். எப்போது பார்த்தாலும் யாராவது யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துகொண்டே இருப்பார்கள். மெர்சிக்கு ஆறாம் வகுப்பு. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உதவித்தொகையில் படிக்கிறாள். அவளுடைய தாத்தா லோலோவுக்கு ஏதோ ஆகிறது: சைக்கிளிலிருந்து விழுகிறார், பெயர்களை மாற்றிச் சொல்கிறார். பேரப் பையன்களை அழைத்துவரப் போன இடத்தில் வேறு யாருடைய இரட்டையரையோ கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார். அது அல்சைமர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அண்ணன் ரோலிக்கும் தெரியும். மெர்சிக்கு மட்டும் தெரியாது.

இங்கேதான் நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த வகைப் புத்தகங்களை எடைபோட எல்லோரும் சொல்வது 'கண்ணாடியும் ஜன்னலும்'. 1990இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சொன்னது: புத்தகம் சில பிள்ளைகளுக்குத் தன் முகம் பார்க்கும் கண்ணாடி, சிலருக்கு அடுத்தவர் வீட்டைப் பார்க்கும் ஜன்னல், சிலசமயம் உள்ளே நுழையவே விடும் நகரும் கண்ணாடிக் கதவு. நல்ல அளவுகோல்தான். ஆனால் அதை வைத்துப் புத்தகம் தேடினால் நாம் கவனிப்பதெல்லாம் சாப்பாடு, பண்டிகை, உடை, தோல் நிறம் என்று நின்றுவிடுகிறது. 'இந்தப் பிள்ளை எந்த இனம்' என்று பார்த்துவிட்டு டிக் அடித்துவிடுகிறோம்.

நான் வேறொன்றைப் பார்த்தேன். இந்தக் கதையில் பெரியவர்கள் பிள்ளையிடம் எதை மறைக்கிறார்கள், அது வெளியே வரும்போது புத்தகம் என்ன செய்கிறது? 11 வயது என்பது, வீட்டில் நம்மிடம் ஏதோ சொல்லாமல் விடுகிறார்கள் என்று வாசனை பிடித்துவிடும் வயது. நாம் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு மாறும், தொலைபேசியை எடுத்துக்கொண்டு யாராவது வெளியே போவார்கள். 'நான் யார்' என்ற கேள்வி பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தத் தராசில் நிறுத்தினால், ஹாவின் வீட்டில் மறைப்பு இல்லை. கடற்படையில் போன அப்பா திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்பது அம்மாவுக்கே தெரியாது. எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள், கடைசியில் சேர்ந்தே விடைகொடுக்கிறார்கள். 'ஃப்ரன்ட் டெஸ்க்'கில் தலைகீழ், மறைப்பவள் மியா. நிஷாவின் வீட்டில் மறைப்பு இருக்கிறது, ஆழமாகவே இருக்கிறது. அப்பா அம்மாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் அந்த மௌனத்தின்மேல் வரலாறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாடு பிரிகிறது, தண்ணீர் இல்லை, நடக்க வேண்டும், உயிர் பிழைக்க வேண்டும். அப்பா ஏன் பேசவில்லை என்று அவரிடம் கோபப்பட நிஷாவுக்கு நேரம் ஏது? அது அந்தக் கதையின் நியாயம், குறை என்று சொல்ல மாட்டேன்.

மெர்சிக்கு நேரம் இருக்கிறது. முந்நூறு பக்கத்துக்கு மேல் அவளுக்குச் சந்தேகப்பட, எரிச்சல்பட, அழ, கத்த நேரம் இருக்கிறது. அதோடு, மெடினா அவளை அப்பாவியாகவும் விட்டுவிடவில்லை. லோலோ சைக்கிளிலிருந்து விழுந்ததை மற்றவர்களிடம் சொல்லாமல் அவளும் மூடி வைக்கிறாள். பிறகு தன்னிடம் எல்லோரும் மறைத்தார்கள் என்று தெரியும்போது வரும் கோபம் அதனால்தான் அவ்வளவு சிக்கலாக இருக்கிறது. பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவளைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றியதே ஒதுக்கியதாகவும் ஆகிவிட்டது. இரண்டும் உண்மை என்று விட்டுவிடுகிறது புத்தகம், தீர்ப்பு சொல்லவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் சைக்கிள் விழுந்த இடத்திலேயே சண்டை மூண்டது. "அவ சொல்லியிருக்கணும், தாத்தாவுக்கு அடிபட்டிருந்தா?" என்றாள் ஒருத்தி. "ப்ராமிஸ் பண்ணிட்டு எப்படிச் சொல்றது?" என்றாள் இன்னொருத்தி. அன்று நாலு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. அக்கா மகள் வாயே திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு, காலணியை எடுத்துவைத்துக்கொண்டே கேட்டாள்: "சித்தி, பாட்டிக்கு டெஸ்ட் எடுத்தாங்களே, அது எதுக்கு?" நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் அவள் பார்த்துவிட்டாள். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னோம். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று அதற்கு முன்பே தெரிந்துவிட்டதுதான். சொல்லாமல் விட்டதற்கு எங்களிடம் ஒரு காரணமும் இல்லை.

மெர்சியிலும் குறை உண்டு. பள்ளிக்கூடப் பகுதி நடுவில் இழுக்கிறது. எட்னா என்ற சக மாணவியோடு நடக்கும் உரசல் தேவைக்கு மேல் நீள்கிறது; எங்களில் ஒருத்தி அங்கே இரண்டு வாரம் கொட்டாவி விட்டாள். லோலோ, அபுவேலா, தியா என்று உறவுப் பெயர்களும் ஸ்பானியச் சொற்களும் முதல் சில அத்தியாயங்களில் தடுக்கும். யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு தாளில் வரைந்து ஒட்டினோம், சரியாகிவிட்டது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சித்திக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது மறதி நோய் நிஜமாகவே இருந்தால், இந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் தனியாகத் தூக்கிக் கொடுக்கலாமா என்று எனக்குத் துணிந்து சொல்லத் தெரியவில்லை. லோலோ குணமாவதில்லை, புத்தகம் அப்படிப் பொய் சொல்லவும் இல்லை. கூடவே உட்கார்ந்து வாசிப்பதுதான் பத்திரம் என்று தோன்றுகிறது. அதேபோல், 'நைட் டைரி'யில் வன்முறைக் காட்சிகள் குறைவுதான் என்றாலும் நெஞ்சில் தங்குபவை. 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அவசரப்பட வேண்டாம்.

தொடர்ச்சி தேடுபவர்களுக்கு: மெர்சிக்கு 2021இலும் 2022இலும் இரண்டு பாகங்கள் வந்து முத்தொகுதியாக முடிந்திருக்கிறது. மியாவுக்கு அதைவிட நீண்ட வரிசை. நிஷாவின் தம்பி அமிலை வைத்து வீரா 2024இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், ஹாவின் கதைக்கும் 2023இல் 'வென் க்ளவுட்ஸ் டச் அஸ்' என்று ஒரு தொடர்ச்சி வந்திருக்கிறது.

மூன்று பெண்களும் இப்போது அவரவர் வழியில் போய்விட்டார்கள். கொட்டாவி விட்டவள் 'ஃப்ரன்ட் டெஸ்க்'கை இரண்டே நாளில் முடித்தாள். 'ப்ராமிஸ்' கட்சிக்காரி ஹாவை எடுத்துக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை. அக்கா மகள் 'நைட் டைரி'யில் காஸி உரலைக் கொடுத்தனுப்பும் இடத்துக்கு வந்திருக்கிறாள். அவர் திரும்ப வருவாரா மாட்டாரா என்று மூன்று நாளாக என்னைக் குடைகிறாள். இதை மட்டும் நான் சொல்வதாக இல்லை.