புயலுக்கு எந்த பேக்கப்? இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், லித்தியம் பெட்டி: ஓர் அலசல்

"எத்தனை ஃபேன், எத்தனை லைட்?" என்றுதான் கடையில் கேட்பார்கள். புயலுக்காக வாங்குகிறவர் அதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் கரண்ட் எதனால் போகிறது?

வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் 2015 டிசம்பரில் நின்றது வெள்ளம். தெருவோர மின் விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸ் மூழ்கினால் ஷாக் அபாயத்துக்காக மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடும். வடிந்த பிறகுதான் திரும்ப வரும். டெல்டா நிலவரம் வேறு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. முன்னதற்கு நனையாத பேக்கப் வேண்டும், பின்னதற்குத் தீராத பேக்கப் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டி தராது.

இன்வெர்ட்டர்

வழக்கமான செட் 900 வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியும். 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1,800 வாட்-மணி. பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது 1,100 என்று வையுங்கள். 75 வாட் பழைய ஃபேன் இரண்டு, 9 வாட் எல்.இ.டி. மூன்று, ஒரு வைஃபை ரவுட்டர் ஓடினால் சுமார் 190 வாட். ஆறு மணி நேரத்துக்குள் பீப் அடிக்க ஆரம்பிக்கும்.

கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று ராத்திரி 8 மணி நேரம், லைட் இரண்டு 4 மணி நேரம், நாலு போன் சார்ஜ் என்று சுருக்கினால் நாளொன்றுக்கு 370 வாட்-மணிதான். மூன்று இரவு வரவேண்டும், ஆனால் வராது. சும்மா ஆனில் இருக்கும் இன்வெர்ட்டரே 10 முதல் 20 வாட் வரை தின்னும். 15 என்று கொண்டாலும் 24 மணி நேரத்தில் 360. வீடு தின்றதற்குச் சமம்! பகல் முழுக்க முன்பக்க ஸ்விட்சை அணைத்து வைத்தால் இரண்டு இரவு ஓட்டலாம். இதுவும் புது பேட்டரிக்கான கணக்கு. நாலு வருஷப் பழசு என்றால் செப்டம்பரிலேயே டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றி, முழுக்க சார்ஜ் ஏற்றி, மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதன் பெரிய குறை எடை. ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் கனக்கும். டிராலியில் தரையோடு உட்கார்ந்திருக்கும். முழங்கால் தண்ணீர் வந்தால் முதல் பலி அதுதான். கடைசி நேரத்தில் மாடிக்குத் தூக்கவும் முடியாது. தரைத்தள வீடென்றால் முந்தைய வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே ஸ்லாப் அல்லது இரும்பு ஸ்டாண்ட் போட்டு ஏற்றிவிடுவதே வழி.

ஜெனரேட்டர்

இதை வாங்க ஒரே காரணம் போதும்: தண்ணீர் மோட்டார். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1 கிலோவாட் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் உடனே ட்ரிப் ஆகிவிடும். 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் தாங்கும். மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். நாள் முழுக்க ஓட்டுவது வீண். தினம் இரண்டு மணி நேரம் ஓட்டித் தண்ணீர் டேங்கை நிரப்பி, அதே நேரத்தில் இன்வெர்ட்டரையும் சார்ஜ் போட்டால் ராத்திரித் தேவையில் பெரும்பங்கு ஏறிவிடும். சார்ஜ் ஏறவில்லை என்றால் இன்வெர்ட்டர் யு.பி.எஸ். மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரின் ஏறியிறங்கும் வோல்டேஜை அந்த மோடு ஏற்காது. நார்மல் மோடுக்கு மாற்றுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கி முறைபோட்டு டேங்க் நிரப்புவது இன்னும் புத்திசாலித்தனம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மழை பெய்கிறதே என்று பால்கனியிலோ மாடிப்படி அடியிலோ கார் பார்க்கிங்கிலோ வைத்து ஓட்டினால் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி, வெட்டவெளியில், மேலே மட்டும் கூரை. அடுத்தது, இருபக்கமும் பிளக் போட்ட வயரால் ஜெனரேட்டரைச் சுவர் பாயின்ட்டில் சொருகுவது. அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும். எலக்ட்ரீஷியனை வைத்து, லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள்.

சீசன் முடிந்ததும் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் பிசின் கட்டி, அடுத்த புயலன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிப்பதுதான் மிச்சம்.

லித்தியம் பெட்டி

லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் சேர்ந்த 1,000 வாட்-மணி பவர் ஸ்டேஷன் பதினைந்து கிலோவுக்குள் அடங்கும். அதே திறனுக்கு டியூபுலரைவிட விலை நன்றாகவே கூடுதல்; மோட்டாருக்கு ஆகாது. ஆனாலும் ஒரு ஆள் கையில் பிடித்து மாடி ஏறிவிடலாம். வெள்ளப் பகுதியில் அந்த ஒன்றுக்காகவே கொடுக்கலாம். வாடகை வீடென்றால் அதுகூட வேண்டாம்: 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இரண்டு (ஒவ்வொன்றும் போனை மூன்று தடவை நிரப்பும்), ரீசார்ஜ் லைட் இரண்டு, ரீசார்ஜ் ஃபேன் ஒன்று.

மொட்டைமாடி சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு: மின்வாரிய லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் போனதும் லைன்மேன் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகையென்றால் மட்டும் ஓடும், அதுவும் புயல் மேகத்தில் சொற்பமாக.

எதை எங்கே? டெல்டா, கடலோரத் தனி வீடுகளுக்கு உயரத்தில் வைத்த இன்வெர்ட்டரும் பங்கு ஜெனரேட்டரும். தாழ்வான தரைத்தளத்துக்கு லித்தியம். அபார்ட்மென்ட் என்றால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டரைவிடப் பொது டீசல் ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்பதைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அதுவும் அதன் பேனலும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கும். அது மூழ்கினால் லிஃப்ட், மோட்டார் இரண்டும் சேர்ந்தே போகும். மேலே மாற்றும் செலவை ஐப்பசிக்கு முந்தைய அசோசியேஷன் மீட்டிங்கிலேயே எழுப்பிவிடுங்கள்.