மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர்: பளபளப்பைவிடக் கொண்டி முக்கியம்

வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போக மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரைப்போல உழைக்கும் சாமான் வேறில்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் தகடு. 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். விலை மலிவான 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். புளிக்குழம்பு ராத்திரி முழுக்கக் கழுவாமல் கிடந்தால் 202இல் புள்ளிப்புள்ளியாக அரிப்பு விழும். காந்தம் வைத்துப் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலுமே ஒட்டாது. அழுத்தி மடித்த விளிம்பில் 304கூட லேசாக இழுக்கும், அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். ரக எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிசு. மெலிசான அடுக்கு கீழே விழுந்து வாய் நசுங்கினால் மேலடுக்கு சரியாக உட்காராது. கசிவு அங்கேதான் தொடங்கும்.

கேரியரின் உயிர் பக்கச் சட்டத்திலும் கொண்டியிலும் இருக்கிறது. பூட்டிய பிறகு நடு அடுக்கைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுற்றினால் கொண்டி தளர்வு, வாங்காதீர்கள். சட்டம் அடியோடு சேரும் இடத்தில் ரிவெட் அடித்ததே நல்லது. புள்ளி வெல்டிங் மட்டும் வைத்தவை, கனம் தூக்கித் தூக்கி அங்கேயே விட்டுப்போகும். அடிப்பாத்திரத்தில் முக்கால் தண்ணீர் ஊற்றிப் பூட்டிச் சாய்த்தும் பார்க்கலாம். வாஷர் இல்லாத கேரியரில் சொட்டுவது இயல்பு, ஒழுகுவது குறை.

வழிவதற்குப் பெரும்பாலும் நிரப்புகிற விதமே காரணம். மேலடுக்கின் அடி கீழடுக்குக்குள் இறங்கி உட்காரும் என்பதால் ஒரு விரல் இடம் விட வேண்டும். குழம்பு அடியில், சோறு நடுவில், பொரியல் மேலே. குழம்பை மேலே வைத்தால் வழிவதெல்லாம் சோற்றில் இறங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே மூடினால் ஆவி குளிர்ந்து உள்ளே காற்றழுத்தம் குறையும், மூடி இறுகிக்கொள்ளும். கரண்டியால் நெம்பினால் விளிம்பு கோணும். மூடியின் மேல் வெந்நீர் ஊற்றினால் தானே இளகும்.

ரசம், மோர் தினமும் கொண்டுபோகிறவர்களுக்கு இது போதாது. அவற்றுக்குத் திருகுமூடி டப்பா தனியாக வேண்டும். ஒருவேளைக்கு ஒரே சோறு என்றால் தூக்குவாளியே போதும். விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம். கேரியரில் மடித்த விளிம்புக்குள் எண்ணெய்ப்பிசுக்கு தங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்த மடிப்பைத் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்த பிறகே அடுக்குங்கள்.