வன்னி வெயிலில் ஒரு பழைய எம்ஜிபி: 74 வேண்டாம், 82 போதும்

முல்லைத்தீவிலிருக்கும் நண்பர் ஒருவர் பழைய எம்ஜி மிட்ஜெட் என்னும் ஆங்கிலேயச் சிறு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். "நம்முடைய வெயிலுக்கு 74 பாகைத் தெர்மோஸ்டாட் போடுவதா, அல்லது அதைக் கழற்றி எறிந்துவிடுவதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் சிறு கதவு. கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர்மேல் அல்ல. அண்மையில் ரேடியேட்டர் அடைப்பெடுக்க விட்ட ஒரு கராஜில், மிட்ஜெட்டின் அண்ணனான என் எம்ஜிபிக்கும் இதையேதான் செய்தார்கள், ஒரு வார்த்தை கேளாமல். விசாரித்தபோது வந்த பதில்: "வெயில் நாட்டுக்கு இது எதற்கு ஐயா?"

எதற்கென்று அடுத்த நாள் விடியற்காலையிலேயே தெரிந்தது. மார்கழிக் குளிரில் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாக வவுனியாவுக்குப் போகும்போது வெப்பமானி முள் 60 பாகையைத் தாண்ட மறுத்தது. மாங்குளம் வரையிலும், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை முழுதாக உள்ளே தள்ள முடியவில்லை. அடுத்து வந்த வாரங்களில் பெற்றோல் செலவு கூடியது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் அடிப்பக்கத்தில் வெண்ணெய்போல மஞ்சள் படலம். எஞ்சின் எண்ணெயில் சேரும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகி வெளியேற வேண்டுமானால் எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டும். சூடேறாத எஞ்சினில் அவை அங்கேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். சிலிண்டர் சுவரும் வேகமாகத் தேயும். கொதித்த எஞ்சின் ஆவி கக்கி ஊருக்கே அறிவித்துவிடும். குளிர்ந்தே ஓடும் எஞ்சின் யாருக்கும் தெரியாமல் சாகும்.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறு குப்பியில் மெழுகு இருக்கிறது. குறித்த வெப்பம் வந்ததும் அது உருகி விரிந்து கதவைத் தள்ளும். 82 என்று பொறித்திருந்தால் 82 இல் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை வேண்டும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் எஞ்சினைக் காப்பது ரேடியேட்டரும் விசிறியும் தண்ணீர்ப் பம்பும்தான். இரணைமடுக் குளத்தின் துருசை ஒரு நாள் முந்தித் திறந்துவிட்டால் வாய்க்கால் அகலமாகிவிடுமா? கொதிக்கிற எஞ்சினில் 74 இருந்தாலும் 82 இருந்தாலும் கதவு முழுதாகத் திறந்தே நிற்கிறது. கொதித்தால் தேட வேண்டிய இடம் வேறு.

74க்கும் நியாயம் சொல்ல வேண்டும். எம்ஜிபிக்கு வழமையாக 82, வெப்ப நாடுகளுக்கு 74, கடுங்குளிர் நாடுகளுக்கு 88 என்று தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். ஒரு கோடைக்கு 74 போட்டும் ஓட்டியிருக்கிறேன். நெரிசலில் முள் ஏறத் தொடங்குவது சற்றுத் தாமதமாகிறது, உண்மை. ஆனால் நண்பகலில் பரந்தன் சந்தியைக் கடக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. மழைக்காலக் காலைகளிலோ 74 எஞ்சினைச் சோம்பலாக்கியது. ஆகவே நண்பருக்கு என் பதில் 82.

எது வழமையான வெப்பம் என்பதிலும் நம்மவர்களுக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. என் காரின் மானி பரனைட்டில் காட்டுகிறது, நான் செல்சியஸில் எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது 82க்கும் 90க்கும் இடையில். கிளிநொச்சி நகருக்குள் ஊர்ந்தால் 95, சில வேளை 100. 100ஐக் கண்டதும் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதில்லை. ரேடியேட்டரின் 10 இறாத்தல் அழுத்த மூடி ஒழுங்காக இருந்தால் தண்ணீர் 115 பாகையளவில்தான் கொதிக்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை, நாமும் நிறுத்துகிறோம். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித் திரும்புவதற்குள் முள் நாம் நிறுத்தியபோது இருந்ததைவிட மேலே போயிருக்கும். பம்பும் விசிறியும் நின்றுவிட்டன, இரும்பின் சூடு முழுவதும் தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். எம்ஜிபியில் கார்புரேட்டர்கள் புகைபோக்கிக் குழாய்க்கு நேர் மேலே இருப்பதால் பெற்றோலும் கொதித்து, மறுபடி கிளப்பும்போது அடம்பிடிக்கும். இதற்கு எந்தத் தெர்மோஸ்டாட்டும் மருந்தில்லை. பொனற்றைச் சற்று நேரம் திறந்துவையுங்கள்.

பின்னாளில் வந்த எம்ஜிபிகளில் எண் இல்லாத மின்மானி. அதில் வெப்ப முள்ளும் பெற்றோல் முள்ளும் சேர்ந்து ஏறினால் பழுது எஞ்சினில் இல்லை. மானிகளுக்கு மின்னழுத்தம் சீராக்கும் சிறு பெட்டியைப் பாருங்கள்.

எனக்கு வியப்பு என்னவென்றால், இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதிதே அல்ல. பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் நம் ஒஸ்ரின் கேம்பிரிஜ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சுட்டபிறகே மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பது அன்று ஒவ்வொரு சாரதிக்கும் தெரியும். ஏ60 கேம்பிரிஜின் 1622 சிசி எஞ்சினும் என் காரின் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். சூட்டின் அருமை அறிந்த அந்தக் கைகளின் வழிவந்தவர்களா இன்று தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடுகிறார்கள்!

என் காரைக் கராஜுக்கு அனுப்பிய உண்மையான பழுது தண்ணீரில் இருந்தது. நம் கிணற்று நீரைக் கேத்தலில் காய்ச்சினால் வெள்ளைப் படிவு விழும் இடங்கள் எத்தனை! முந்தைய உரிமையாளர் ஊற்றிய அந்த நீர்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தது. இப்போது பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் இரண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. உறைபனி இல்லாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்பவர்களுக்கு: இந்த எஞ்சினின் சிலிண்டர் கட்டையும் அதை மேலே மூடும் தலையும் இரும்பு, வெறும் தண்ணீர் அதைத் துருவாக்கிக் கரைக்கும்.

புதிய 82 கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டது. பொருத்துவதற்கு முன் நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றி, வெப்பமானி வைத்துத் திறக்கிறதா என்று பார்த்தேன், சரியாகத் திறந்தது. கராஜில் கழற்றுமுன் இந்தச் சிறு பொருள் ஆண்டுக்கணக்காக முள்ளைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருந்ததைப் போல என்னை மகிழ்வித்தது இந்தக் காரில் வேறொன்றில்லை.

ஆனால் பொருத்த முடியவில்லை. தெர்மோஸ்டாட் மூடியை மூன்று இரும்புத் தண்டாணிகள் பிடிக்கின்றன, மூடி அலுமினியம். இரண்டும் துருவோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கராஜில் பலவந்தமாக முறுக்கியதில் ஒன்று பாதி வெட்டுண்டிருந்தது, நான் தொட்டதும் முறிந்து தலைக்குள் நின்றுவிட்டது. இனி அதைத் துளைத்தெடுக்கும் பொறுமையுள்ள ஒருவரைத் தேட வேண்டும். இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: வன்னியில் இந்தக் காரை வாங்கச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வாரம் யாராவது நியாயமான விலை கேட்டால், ஆணி முறிந்தபடியே கொடுத்துவிடுவேன். புதிய தெர்மோஸ்டாட் இலவசம்.