மழைநீர்த் தாங்கியா, ஆர்ஓ தண்ணீரா?

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பல கிணறுகள் சவர். குடாநாட்டின் வலிகாமத்துத் தண்ணீர் வாய்க்கு நல்லாத்தான் இருக்கும், ஆனால் தோட்டத்து உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு, கொதிக்க வைத்தாலும் அது போகாது, வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

ஆர்ஓ, அதாவது தண்ணீரை நுண்ணிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கிற இயந்திரம், உப்பு, நைட்ரேட் இரண்டையும் பிடிக்கும், கோடையிலும் ஓடும். சரி, மின்கட்டணம் யார் கட்டுவது? சவ்வை யார் மாற்றுவது? மிஞ்சும் உப்புக் கழிவைக் கண்டபடி ஊற்றினால் கீழே சுண்ணாம்புக்கல், பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் போய் நிற்கும்.

தாங்கிக்கு இந்தத் தலையிடி இல்லை. 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 1000 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போகவும் 40,000 லீற்றர் வரை கிடைக்கும். 5,000 லீற்றர் தாங்கி மார்கழிக் கடைசியில் நிரம்பியிருந்தால், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எடுக்கிற வீட்டுக்கு ஆடி பிறக்கும்வரை போதும். முதல் மழையை மட்டும் வெளியே விட வேண்டும், பீலிக்குள் வேப்பஞ்சருகும் காக எச்சமும் ஊறிக் கிடக்கும். நுளம்பு வலையும் கட்டாயம்.

என்னைக் கேட்டால் வீடுகளுக்குத் தாங்கி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு ஆர்ஓ, அதுவும் பொறுப்பாகப் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தால் மட்டும். ஆடிக்கும் ஐப்பசி மழைக்கும் இடைப்பட்ட மாதங்களுக்குத் தாங்கிக்காரரும் அந்த ஆர்ஓ இருக்கிற இடத்துக்குத்தான் கானோடு போக வேண்டும்.