ஒரு சீசன் முழுக்க ஸ்னோபோர்டு: எது உழைத்தது, எது உதைத்தது

பனிச்சறுக்குப் பலகையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகமில்லை. என்னுடையது ஹைப்ரிட் வகை. பாதங்களுக்குக் கீழே கேம்பர் (நடு மேலெழும்பிய வளைவு), இரு நுனிகளிலும் ராக்கர் (நுனி மேல்நோக்கிய வளைவு). நுனிகள் சற்றுத் தூக்கியிருப்பதால் அவை பனியில் எளிதில் சிக்குவதில்லை, புதுப்பனியிலும் மிதக்கின்றன. இறுகிய பனியில் வேகம் எடுத்தால் முன்நுனி படபடக்கும். மற்றபடி குறையில்லை. வாங்கும்போது பலகையைப் பற்றித்தான் எல்லாரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஒரு சீசன் ஓட்டிப் பார்த்தபின் என் காசு முதலில் பூட்ஸுக்குத்தான் போகும்.

கடையில் மெத்தென்று இருக்கும் பூட்ஸை நம்ப வேண்டாம். சில வாரங்களில் உள்ளே மெத்தைபோல் இருக்கும் உறையான லைனர் அமுங்கி இடம் விட்டுவிடும். அப்புறம் விரல் பக்கம் சாயும்போது குதிகால் உள்ளுக்குள் மேலே எழும். நாம் திரும்பிவிட்டோம் என்று நினைப்போம், பலகை ஒரு நொடி கழித்துத்தான் திரும்பும். மரங்களுக்கு நடுவே அந்த ஒரு நொடி ரொம்பப் பெரியது. புதிதில் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடுகிற அளவுதான் சரியான அளவு.

விழுந்த கதைக்கு வருவோம். மோசமாக விழுந்ததெல்லாம் செங்குத்துச் சரிவில் இல்லை. இரண்டு சரிவுகளை இணைக்கும் சமதளப் பாதையில்தான். அங்கே பலகையைத் தட்டையாக ஓடவிட்டு உடம்பைத் தளர்த்துவோம். அந்த நேரம் பார்த்துக் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்த எட்ஜ் (பலகையின் உலோக விளிம்பு) பனியில் குத்தும். பலகை நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். குதிகால் பக்கம் மாட்டினால் மல்லாக்க விழுந்து பின்மண்டை நேராகத் தரையில் அடிக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் இல்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டு, விழும்போது கையை ஊன்றுவதால். மணிக்கட்டுக் கவசம் மாட்டியிருந்தாலும் முஷ்டியை மடக்கி, முன்கையில் விழப் பழகுவது நல்லது.

லிஃப்ட் தனி நாடகம். T வடிவக் கம்பியால் நம்மைப் பனிமேல் இழுத்துப் போகும் டி-பார் 1930களில் ஸ்கீ ஓட்டுபவர்களுக்காக வந்தது; ஸ்னோபோர்டின் மூதாதையான ஸ்னர்ஃபரை ஷெர்மன் பாப்பன் 1965-இல்தான் செய்தார். பக்கவாட்டில் நிற்கும் நமக்கு அந்தக் கம்பி தொடையைப் பிடித்துத் திருகும். மேலே போய்ச் சேருமுன் தொடை மரத்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து போகும் சேர்லிஃப்ட் பரவாயில்லை. ஆனால் இறங்கும்போது பின்கால் கட்டில்லாமல் இருக்கும், அதைப் பைண்டிங்குகளுக்கு (பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடிகள்) நடுவே அழுத்தி வைத்து நேராகப் பார்க்கணும். பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்தால் இருவரும் விழுவது உறுதி.

சீசன் நடுவே ஒரு நாள் முன்கால் பைண்டிங் பாதிச் சரிவில் ஆடத் தொடங்கியது. அதிர்வில் திருகுகள் தளர்வது எந்தப் பைண்டிங்கிலும் நடக்கும். சட்டைப்பையில் ஒரு குட்டித் திருப்புளி இருந்தால் நடந்து இறங்க வேண்டியதில்லை. கண்ணாடியும் அப்படித்தான்: மேகம் மூடிய நாளில் நிழல் மறைந்து மேடுபள்ளம் தெரியாமல் போகும். கறுப்பு லென்ஸ் அன்றைக்கு உதவாது, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு லென்ஸ் கையில் இருக்கணும்.

வசந்தம் வந்ததும் பனியே வேறு சாமான். காலையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும், மதியம் கஞ்சியாகிவிடும். ஈரப்பனி அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். குளிருக்கான வாக்ஸ் (அடிப்பாகம் வழுக்கப் பூசும் மெழுகு) அப்போது போதாது, வெப்பநிலைக்கேற்ற வாக்ஸ் போட்டதும் வித்தியாசம் முதல் இறக்கத்திலேயே தெரிந்தது.

இப்போது எட்ஜுகளைத் துடைத்துக் காயவைத்து, அடிப்பாகத்தில் தடிமனாக வாக்ஸ் பூசி, சுரண்டாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். பலகையை மாற்றும் எண்ணமில்லை. பூட்ஸுக்குப் புது லைனரும், தகடு வளைந்துபோன மணிக்கட்டுக் கவசத்துக்கு மாற்றும்தான் அடுத்த பட்டியலில் இருக்கின்றன.