கூற்று மாறிய பாடல்கள்: ஜானி கேஷின் ‘அமெரிக்கன் 4’

அகப்பாடல் ஒன்றைப் படிக்கத் தொடங்கும் முன் அது யார் கூற்று என்று பார்த்துவிட வேண்டும் என்று எங்கள் கல்லூரித் தமிழாசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். தலைவி சொன்னால் ஏக்கமாகப் படும் அதே சொற்கள், தோழி சொன்னால் சிறைப்புறத்தே, அதாவது வேலிக்கு அப்பால் மறைந்து, நிற்கும் தலைவனுக்கு விடுக்கும் எச்சரிக்கையாகிவிடும். அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடி 2002 நவம்பரில் வெளிவந்த ‘அமெரிக்கன் 4: தி மேன் கம்ஸ் அரவுண்ட்’ என்னும் இசைத்தொகுப்பை அண்மையில் மீண்டும் முழுமையாகக் கேட்டபோது அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. இதிலுள்ள 15 பாடல்களில் பெரும்பாலானவை பிறர் பாடிப் புகழ்பெற்றவை. தயாரிப்பாளர் ரிக் ரூபின் கருவிகளைக் குறைத்து, குரலை நம் காதருகே கொண்டுவந்து வைத்திருக்கிறார். தொகுப்பு வெளிவந்தபோது கேஷுக்கு வயது 70. உடல்நலம் மிகவும் குன்றியிருந்தது. சொற்களும் மெட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்க, கூற்று மட்டும் மாறிவிடுகிறது.

பலரும் இத்தொகுப்பை ‘ஹர்ட்’ என்ற ஒரு பாடலுக்காகவே வாங்குகிறார்கள். நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் தம் இருபதுகளின் இறுதியில், 1994இல் வெளியிட்ட பாடல் அது. மூலப்பதிவில் இரைச்சல் ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கிதார் சுரங்கள் வேண்டுமென்றே ஒன்றோடொன்று உரசும். தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஓர் இளைஞனின் அறைக்குள் மாட்டிக்கொண்டது போன்ற மூச்சுமுட்டல் அதில் உண்டு. கேஷ் அந்த உரசலை நீக்கி, எளிய கிதார் ஒலியில் தொடங்குகிறார். பாடல் வரியில் ஓர் ஊசி வருகிறது. ரெஸ்னரின் குரலில் அது போதை ஊசி. கேஷின் குரலில் அதே ஊசியைக் கேட்டபோது, என் தந்தையின் புறங்கையில் நரம்பு கிடைக்காமல் மூன்றாம் முறையாகத் தட்டிப் பார்த்த செவிலியரின் விரல்கள்தாம் என் கண்முன் வந்தன. சொல்லளவில் கேஷ் செய்த குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றே: கிரீடத்தைக் குறித்த வரியில் இருந்த வசைச்சொல்லை நீக்கிவிட்டு, அதை முள்முடி ஆக்கினார். விவிலியத்தில் ஊறிய ஒருவரின் கை பட்ட இடம் அது. இளைஞனின் தன்வெறுப்பு அந்த ஒரு சொல்லால் முதியவரின் பாவ அறிக்கையாகிறது. இறுதியில் பியானோவின் ஒரே சுரம் ஆணி அடிப்பதுபோல ஓங்கி ஓங்கி வர, அதற்கு மேலே குரல் நடுங்கினாலும் தளராமல் நிற்கிறது.

ஸ்டிங் 1996இல் வெளியிட்ட ‘ஐ ஹங் மை ஹெட்’ பாடலில் நடந்திருப்பது வேறு வகையான மாற்றம். அண்ணனோ தம்பியோ, உடன்பிறந்தவனின் துப்பாக்கியை எடுத்து விளையாட்டாகக் குறிபார்த்த ஒருவன், தொலைவில் குதிரையில் போன முன்பின் தெரியாத மனிதனைக் கொன்றுவிட்டு, தூக்குமேடையில் போய் நிற்கும் கதை அது. ஸ்டிங் அதை ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் அமைத்திருந்தார். கெட்டிக்காரத்தனமான அமைப்புதான், ஆனால் அடி எங்கே விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் காது, சுட்டவனின் திகைப்பைத் தவறவிட்டுவிடுகிறது. கேஷ் அதை நேரான நான்கு எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆதி தாளத்தில் கைதட்டிப் பழகியவர்கள்கூட யோசிக்காமல் கூடவே தட்டலாம். தாளம் எளிதானதும் கதை முன்னுக்கு வந்து நிற்கிறது. நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்பவனைத் தாளக்கணக்கில் ஆடவிடாமல் சும்மா நிற்க வைத்ததே கேஷின் சாதனை என்பேன். இந்தத் தொகுப்பில் ‘ஹர்ட்’டை விட நான் அதிகம் கேட்டது இந்தப் பாடலைத்தான்.

டெபெஷ் மோட் குழு எள்ளலும் கவர்ச்சியுமாகப் பாடிய ‘பர்சனல் ஜீசஸ்’ பாடலைக் கேஷ் சிறிதும் கண்சிமிட்டாமல் நற்செய்திப் பாடலாகவே பாடுகிறார். அது ரசிக்கும்படியும் இருக்கிறது. எல்லாப் பாடல்களுக்கும் இந்தப் பாராட்டு பொருந்தாது. சைமன், கார்ஃபங்கல் இணை 1970இல் வெளியிட்ட ‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபுள்டு வாட்டர்’ கார்ஃபங்கலின் குரல் படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொடுவதற்கென்றே கட்டப்பட்டது. ஏற முடியாத குரலோடு, உடன் பாடகி ஃபியோனா ஆப்பிளின் குரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாடும்போது, பாலம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஈகிள்ஸ் குழுவின் ‘டெஸ்பராடோ’வில் மூலப் பாடகரான டான் ஹென்லியே சேர்ந்து பாடுகிறார். வீட்டுக்காரரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு புதிதாகக் குடிபுகுந்ததாகச் சொல்ல முடியுமா?

ஒலிப்பதிவைப் பற்றியும் ஒரு குறை உண்டு. ஓங்கி ஒலிக்கும் இடங்களில், குறிப்பாக ‘ஹர்ட்’டின் முடிவில், ஒலி உடைந்து கரகரக்கிறது, அது முதுமையின் கரகரப்பு அன்று, ஒலியளவை அளவுக்கு மீறி உயர்த்தியதால் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் கேட்டால் இந்த உடைவு மட்டுமே எஞ்சும். வரிகளுக்கு இடையே அவர் மூச்சை இழுத்துக்கொள்ளும் ஓசை காணாமற்போகும். நல்ல காதொலிப்பானோடு (ஹெட்ஃபோன்) இரவில் கேட்பது நல்லது.

‘ஹர்ட்’ முடிந்ததும் நிறுத்திவிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் மூன்றாம் பாடல் ‘கிவ் மை லவ் டு ரோஸ்’, கேஷ் தாமே எழுதி 1957இல் பதிவு செய்தது. தண்டவாளத்தின் அருகே சாகக் கிடக்கும் ஒருவனை வழிப்போக்கன் காண்கிறான். சிறையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பும் வழியில் விழுந்துவிட்ட அந்த மனிதன், தன் மனைவி ரோஸிடமும் மகனிடமும் சொல்லச் சொல்லிச் சில சொற்களை ஒப்படைக்கிறான். அதே பாடல், அதே பாடகர். இடையில் 45 ஆண்டுகள். இந்த மறுபதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. 25 வயதில் பாடிய பதிவில் எனக்குக் கேட்பது வழிப்போக்கனின் குரல்: உறுதியான, செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடக்கூடிய குரல். 2002இன் பதிவில் வழிப்போக்கன் இல்லை. தண்டவாளத்தின் ஓரம் கிடப்பவனே முதல் வரியிலிருந்து பேசுகிறான். மகனைப் பற்றிய வரிக்கு வரும்போது அந்தக் குரலில் மூச்சு போதவில்லை.