80 வெள்ளிக்கு ஒரு விண்டோஸ்

இந்தத் தடவை பினாங்குப் பயணத்தில் சாப்பாடு, கோயில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் நன்றாகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதியே ஆக வேண்டியது, அக்காவுக்கு வாங்கிய பழைய லேப்டாப்பில் ஒரு கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த விண்டோஸைப் பற்றி.

அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்த கணினி விண்டோஸ் 10-இலேயே நின்றுவிட்டது. 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. 11-ஐத் தாங்க அந்தப் பெட்டிக்குத் தெம்பில்லை. சரி, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் கொம்தார் வணிக வளாகத்துப் பக்கம் போனோம். அந்த வட்டாரத்துக் கடைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவிலும் திறந்திருக்கும், பேரம் பேசலாம், கண்ணெதிரிலேயே ரேம் மாற்றித் தருவார்கள். நான் இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் லேப்டாப்பைத் திறந்து பார்க்கவே முன்பதிவு, அதற்குத் தனிக் கட்டணம், அப்புறம் ஒரு வாரக் காத்திருப்பு. இந்த விஷயத்தில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அக்காவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது திங்க்பேட் டி480. 8-ஆம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11-க்குத் தகுதியானது, விலையும் நியாயம். பில்லின் கடைசி வரியில் மட்டும் தனியாக: விண்டோஸ், 80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

"ஒரிஜினல்தானே தம்பி?"

"ஒரிஜினல் மாதிரிதான் அண்ணே. ஆக்டிவேட் பண்ணியாச்சு, ஒன்னும் கேட்காது."

நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கப் பார்த்தால், பதிவிறக்கம் நகரவே இல்லை. அப்டேட் பக்கம் முடக்கப்பட்டிருந்தது. ஆண்டிவைரஸைத் திறந்தேன், சோதிக்க வேண்டாத இடங்களின் பட்டியலில் சி டிரைவ் முழுசாக உட்கார்ந்திருந்தது. அக்கா இதில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறார்! கட்டளைத் திரையில் 'எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்' என்று தட்டியதும் குட்டு வெளிப்பட்டது: அனுமதிக்குக் காலாவதித் தேதி இருந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கெல்லாம் சொந்த சர்வர் மூலம் அனுமதி கொடுக்கும் கேஎம்எஸ் என்ற முறை அது. அனுமதி 180 நாளுக்குத்தான். அதற்குள் கணினி சர்வரிடம் பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த சர்வராக நடிக்கும் ஒரு நிரலை லேப்டாப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, அது மாட்டிக்கொள்ளாமலிருக்க ஆண்டிவைரஸின் கண்ணையும் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஜெராக்ஸ் அட்டை போட்டு விற்ற திருட்டு விண்டோஸ் சிடிக்கள் நினைவிருக்கும். நிறுவும்போது கேட்கும் சாவியை மார்க்கர் பேனாவால் சிடி மேலேயே எழுதியிருப்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்த 25 எழுத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பையன்கள் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருந்தார்கள். அப்போதாவது ஐந்து வெள்ளியோடு போயிற்று, வாங்குகிறவனுக்கும் என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

மறுநாள் பட்டர்வொர்த்திலேயே, கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அங்கிள், விண்டோஸ் 7 வரைக்கும் சாவி இந்த அடி ஸ்டிக்கர்ல இருக்கும். 8 வந்த பிறகு மதர்போர்டுக்குள்ளேயே எழுதிடுறாங்க. இருங்க, இதுல இருக்கான்னு பார்ப்போம்."

ஏதோ ஒரு வரி தட்டினாள். திரையில் முழுச் சாவியும் வந்து நின்றது. விண்டோஸ் 10 ப்ரோ, தொழிற்சாலையிலேயே பதித்தது, 11-க்கும் செல்லும். கையில் வெண்ணெய் இருக்க, நெய்க்கென்று எங்களிடம் 80 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள்!

அப்புறம் நடந்ததில் சுவாரசியம் குறைவு. மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினாள். பழைய பார்ட்டிஷன்களையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினாள். சாவி என்ன என்று அது எங்களிடம் கேட்கவே இல்லை. வைஃபை கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. இந்த முறை காலாவதித் தேதி எதுவும் இல்லை. தமிழ் விசைப்பலகையும் இறங்கியது. முரசு அஞ்சல் மென்பொருளில் தமிழ் தட்டிப் பழகிய அக்கா, வரிசை மாறியிருக்கிறது என்று அதற்கும் ஒரு குறை சொன்னார். கூலி 40 வெள்ளி.

ஆஸ்திரேலிய டாலரில் பார்த்தால் அந்த 80 வெள்ளி முப்பதுகூட வராது, விட்டுத்தொலை என்றார் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. கொம்தாருக்குத் திரும்பப் போய், போர்டிலேயே சாவி இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பையன் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

"எல்லா லேப்டாப்புக்கும் ஒரே பென்டிரைவ்தான் அண்ணே. யாரு ஒன்னொன்னா பார்க்கிறது?"

"அப்போ 80 வெள்ளி?"

"அது லேபர் சார்ஜ்."

பெர்த்தாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், பணமும் வந்திருக்கும், எல்லாவற்றுக்கும் மூன்று வாரம் ஆகியிருக்கும். இவன் உள்ளே போய் ஒரு வயர்லெஸ் மவுஸை எடுத்து வந்து கையில் திணித்தான். பேட்டரியும் அவனே போட்டுக் கொடுத்தான். அக்கா இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்.